ரோட்டில் காயும் நெல்லுக்காக வழக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு ரோடுகளில் விவசாயிகள் நெல்லைக் கொட்டிக் காயப்போடுகிறார்கள், காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள், போலீஸ் வழக்குப் போட்டால்தான் இது நிற்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவரும் சைக்கிள்காரர் என்றே தெரிகிறது. நானும் சைக்கிள்காரிதான். பூதப்பாண்டியில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கி ஓட்டாமல் விட்டுப்போன ரோடு பைக்கை எடுத்துத் துடைத்து ஓட்டத் தொடங்கியவள். எங்கள் பெயரைச் சொல்லி விவசாயி மேல் வழக்குப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நெல் வழுக்கும் என்பது உண்மைதான். என் சைக்கிள் டயரின் அகலம் 28 மில்லிமீட்டர். காய்ந்த நெல் தார் மேல் கிடந்தால் அந்த டயருக்கு அடியில் பேரிங் குண்டு மாதிரி உருளும். பதறி பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், சைக்கிள் நிற்காது. வைக்கோல் இன்னும் மோசம். பின்சக்கரத்துப் பல்லிலும் கியரிலும் சுற்றிக்கொண்டால் இறங்கி உட்கார்ந்து உருவ வேண்டியதுதான். ஆனால் நெல் தூரத்திலேயே மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் ஆளும் நிற்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை ஒடிக்காமல், பிரேக்கைத் தொடாமல் நேரே விட்டால் கடந்துவிடலாம். அருமநல்லூர் ரோட்டில் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு அக்கா, நான் இறங்கப் போவதைப் பார்த்துச் சொன்னார்: "மக்களே, எறங்காண்டாம், ஓரமா சவுட்டிட்டுப் போ. நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, நீ விழுந்துராத." யாரால் யாருக்கு ஆபத்து என்ற கணக்கில் அவருக்கு இருந்த தெளிவு அந்தக் கடிதத்தில் இல்லை.

நெல் ஏன் ரோட்டுக்கு வருகிறது? எங்கள் பக்கத்து முதல் போக நெல்லான கன்னிப்பூவின் அறுப்பு ஆவணி, புரட்டாசியில் வருகிறது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஒன்று போகிற போக்கிலும் மற்றது வருகிற வரத்திலும் சாயங்காலம் ஒரு இடிமழை இறங்கிவிடும். முன்பு கதிரை அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி, பிறகு சூடடித்து நெல்லைப் பிரிப்பார்கள். அந்த இடைவெளியிலேயே ஈரம் பாதி போய்விடும். இப்போது நிற்கிற பயிரை இயந்திரம் அறுத்து, அடித்து, அப்படியே டிராக்டரில் கொட்டிவிடுகிறது. பச்சை நெல். அதைக் குவியலாகப் போட்டு வைத்தால் உள்ளே சூடேறும், நிறம் மாறும், மழை நனைந்தால் முளைவிடும். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அரசாங்கம் தளர்த்தும் வருஷங்களில்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். வியாபாரி எப்படியிருந்தாலும் எடுப்பார், எடையில் கழித்துக்கொண்டு.

காயப்போட இடம் எங்கே? எங்கள் பக்கம் களமாக இருந்த இடங்களில் இப்போது வீடு நிற்கிறது. நெல் காயப்போடத் தோதாகக் கிடந்த பாறைகளை உடைத்து ஜல்லியாக்கி, அந்த ஜல்லியைத்தான் ரோட்டில் போட்டிருக்கிறோம். பாறையைத் தேடி வந்த நெல் அதே கல்லின் மேல்தானே காய்கிறது? மத்தியான வெயிலில் கொதிக்கும் தார் ரோடு, செலவில்லாமல் ஈரத்தை இழுத்துவிடும். வேறு வழியிருந்தால், லாரி ஏறி நசுக்கும் என்று தெரிந்தே யாராவது தன் வெள்ளாமையைக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுவார்களா?

சரி, நாங்கள் எதனால் விழுகிறோம்? தார் விளிம்பால். பழைய தளத்தின் மேலேயே புதிய தளம், அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, பல இடங்களில் ரோடு பக்கத்து மண்ணைவிட அரை சாண் உயர்ந்து நிற்கிறது. ஓரத்தில் மண் அணைப்பதில்லை; அணைத்தாலும் முதல் மழையில் கரைந்து ஓடிவிடும். எதிரே ஒரு பஸ், பின்னால் கல் ஏற்றிய டிப்பர். டிப்பர்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஒதுங்குகிற சைக்கிளின் சக்கரம் விளிம்பிலிருந்து கீழே இறங்கிவிட்டால் மறுபடி ஏறாது. ஒல்லி டயர் அந்தச் செங்குத்து விளிம்பை உரசிக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் மேலே ஏற்றப் பார்ப்பார். முன்சக்கரம் திரும்பி ஆளைத் தூக்கி ரோட்டுக்குள் போடும், டிப்பர் வருகிற பக்கமாக. என் தோழி ஒருத்தி தேரூர் குளத்தில் பறவை பார்க்கப் போன ஒரு காலையில் இப்படித்தான் விழுந்து காறை எலும்பு முறிந்தாள். அன்று அந்த ரோட்டில் ஒரு மணி நெல் கிடையாது. சுசீந்திரம் – தேரூர் குளங்களை 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். அவர்கள் வருகிற ரோட்டின் ஓரம் அப்படியேதான் கிடக்கிறது.

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். ரோடு உயர உயர வீடுகள் பள்ளத்துக்குப் போய் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்பதற்காக வந்த உத்தரவு அது. சைக்கிளைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதை ஒழுங்காகச் செய்திருந்தால் எங்கள் எலும்புகளில் பாதி தப்பியிருக்கும்.

மலை ரோட்டில் போய்ப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் நன்றாக விளங்கும். திட்டுவிளை தாண்டி, தாடகை மலையைப் பார்த்துக்கொண்டே வயல் நடுவில் போகிற ரோடு ஒரே சமம்; கியர் மாற்ற வேலையே இல்லை. தடிக்காரன்கோணம் கழிந்து கீரிப்பாறைக்கு ஏறத் தொடங்கினால் ரப்பர் தோட்டம். விடியற்காலையில் தலையில் விளக்கு மாட்டிய பால்வடிப்புக்காரர்கள் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர பயம் இல்லை. இறங்கும்போதுதான் உயிர் கையில். வெயில் படாத வளைவுகளில் தார் மேல் பாசி. இலை உதிரும் மாதங்களில் ரப்பர் இலை நனைந்து ரோடு முழுக்க ஒட்டிக் கிடக்கும். நெல்லைவிட மூன்று மடங்கு வழுக்கும். ரப்பர் மரத்தின் மேல் வழக்குப் போடச் சொல்லி யாரும் பத்திரிகைக்கு எழுதியதில்லை. வளைவில் மெதுவாக இறங்குகிறோம், அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் காற்றையும் இப்படித்தான் சகித்துக்கொள்கிறோம். ஆனி, ஆடியில் தோவாளை வழியாகக் கிழக்கே போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது, முப்பந்தலில் அத்தனை காற்றாலையை ஏன் நட்டார்கள் என்று தொடைக்குத் தெரியும்.

விவசாயிகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. நெல் மேல் வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் பெரிய கல்லை வரிசையாக வைக்கிறார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போகும்போது கல்லை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கல்லுக்குப் பதில் வேப்பங்கொப்பு போதுமே. மழைக்குப் பயந்து ராத்திரி ரோட்டிலேயே குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் மூடி வைப்பது அதைவிட ஆபத்து. ஐந்து மணி இருட்டில் கறுப்பு ரோட்டில் கறுப்புக் குவியல் தெரியாது. எனக்கு நெல்லைப் பார்த்துப் பயம் வருவது அந்த ஒரு நேரத்தில்தான். குவிப்பதை ரோட்டை விட்டு ஒதுங்கிக் குவியுங்கள். உழவு டிராக்டர்காரர்கள் இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறி வருவதையும் நிறுத்தினால் நல்லது. அந்தப் பல் தடம் நாள்பட்டுக் குழியாகிறது.

மாசியில் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்பு வந்துவிடும். அதற்குள் செய்ய முடிந்தது ஒன்று: புத்தேரியிலிருந்து திட்டுவிளை வரை ரோட்டின் இரண்டு ஓரத்திலும் தார் மட்டத்துக்கு மண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவது. உடனே முடியாவிட்டாலும் தொடங்கலாம் என்பது இன்னொன்று: ஒவ்வொரு வயல் பத்துக்கும், அதாவது சேர்ந்தாற்போல் கிடக்கிற வயல்பரப்புக்கும், பக்கத்தில் ஒரு சிமென்ட் உலர்களம். பல மாவட்டங்களில் அரசே கட்டிக் கொடுத்திருக்கிறது. புறம்போக்கு இல்லை என்று சொல்வார்கள். மனை பிரிக்கக் கிடைக்கிற இடம் களத்துக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும். களம் கட்டும்போது ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வைக்கச் சொல்லுங்கள். நெல் கிளறுகிறவர்களுக்கும் ஆகும், கீரிப்பாறை இறங்கி வருகிற எங்களுக்கும் ஆகும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியை,
பூதப்பாண்டி.