பஞ்சுவின் எடை

அன்பு மகளுக்கு,

நாலு மாதமாக "நல்லா இருக்கேன்ப்பா" என்ற ஒரே வரிதான். இப்போது திடீரென்று, உன் கினிப்பன்றி பஞ்சுவின் செலவைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். எதுவும் துருவிக் கேட்கக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே, கேட்டதற்கு மட்டும் பதில்.

காய்ந்த புல்லில் மட்டும் கை வைக்காதே. கினிப்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை மென்றால்தான் தேயும், குடலும் ஒழுங்காக வேலை செய்யும். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்காமல் மொத்தமாக வாங்கி, ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் வை. மலிவு என்று வைக்கோலைப் போடாதே. அதில் சத்து இல்லை, கண்ணிலும் குத்தும். உருண்டைத் தீவனத்தைக் குறைக்கலாம். வைட்டமின் சி நமக்குப் போலவே அதற்கும் உடம்பில் உண்டாகாது, தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடு. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வீண்செலவு. சத்தும் சீக்கிரம் போய்விடும், ருசி மாறினால் தண்ணீரே குடிக்காது.

கூண்டுக்குப் பழைய போர்வையை வெட்டி விரி. நூல் பிரிந்தது வேண்டாம், நகம் சிக்கும். ஈரமான இடத்தை அன்றன்றே எடுத்துவிட்டால் வாடையும் இல்லை, மூச்சுக் கோளாறும் இல்லை. சிறுநீர் காய்ந்த வெள்ளைக் கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும். சும்மாச் சும்மா குளிப்பாட்டாதே. நகத்தை நீயே வெட்டுகிறாயாமே, தம்பி சொன்னான். ஊசி என்றாலே ஓடி ஒளிந்தவள்! பெருமையாக இருந்தது. இதைக்கூட அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அது கூட்டமாக வாழும் பிராணி, ஒற்றையாக இருந்தால் வாடிப்போகும். இன்னொரு பெண் குட்டியைச் சேர்த்து வைத்தால் செலவு ஒன்றும் இரட்டிப்பாகாது. பஞ்சுவைத்தான் சொல்கிறேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து எடை பார். வளர்ந்தது 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, வாராவாரம் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நோவு வந்தால் வெளியே காட்டாமல் மறைக்கும். எடைதான் முதலில் சொல்லும். நீ அனுப்பிய படத்தில் பஞ்சு கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த கையில் கடிகாரம் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. படம் எடுத்த கோணமாக இருக்கும்.

சாப்பிடாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போ. அரை நாள்கூடப் பொறுக்காதே. வீட்டில் கிடக்கும் அமாக்சிசிலின் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதே, அதன் குடலுக்கு விஷம்.

முன்பு நம் வீட்டில் இருந்த கினிப்பன்றி மொட்டு, தூக்கத்திலேயே போய்விட்டது என்று சொன்னேன் அல்லவா? அது பொய். உனக்குப் பரீட்சை நடந்த வாரம். காலையில் வைத்த புல் சாயங்காலமும் அப்படியே கிடந்தது, ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அது வலி என்று எனக்குத் தெரியும். பையில் பணமும் இருந்தது. இந்த எலிக்குப் போய் டாக்டர் பீஸா என்று படுத்துக்கொண்டேன். மறுநாள் மதியம் போய்விட்டது. நீ வந்து அழுதபோது, வயசாகிவிட்டதம்மா என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன். அதற்கு இரண்டு வயதுதான். உன் அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், சாப்பிடாமல் இருந்தால் உடனே போ. பணம் இல்லையென்றால் ஒரு வார்த்தை எழுது. எதற்கு என்று கேட்கமாட்டேன். பஞ்சுவுக்கு என்றே எழுதினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை அதன் எடையை எழுதி அனுப்பு. பக்கத்திலேயே உன் எடையையும் எழுதினால் அம்மா சந்தோஷப்படுவாள்.

அப்பா