எத்தனை நிமிஷத்துல போட்டீங்கன்னு கேக்குறத விடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல மெட்டு எப்படி பிறக்குதுன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இந்தப் பாட்டு பத்து நிமிஷத்துல வந்துச்சு, அது கார்ல போறப்ப வந்துச்சு, இன்னொண்ணு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுதுன்னு வெறும் டைம் கணக்காவே இருக்கு. நான் மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறவன், கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன்னு ரொம்ப வருஷமா இதுதான் பொழப்பு, அதனால மனசுல பட்டத எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போனா வெட்டிக்கோங்க.

மெட்டு பத்து நிமிஷத்துல வரும்ங்க, அது பொய்யில்ல. டைரக்டர் சிச்சுவேஷன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆர்மோனியத்துல கை போயிடுற ஆளுங்க இருக்காங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாராவது எழுதுறாங்களா? இளையராஜா 1976ல அன்னக்கிளி படத்துல வர்றாரு. அதுக்கு முன்னாடி அண்ணன் பாவலர் வரதராஜன் கூட ஊர் ஊரா மேடையில வாசிச்சிருக்காரு, மெட்ராஸ் வந்து தன்ராஜ் மாஸ்டர்கிட்ட வெஸ்டர்ன் கத்துக்கிட்டிருக்காரு, மியூசிக் டைரக்டர் ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்து அடுத்தவங்க பாட்டுக்கு நோட்ஸ் எழுதியிருக்காரு. இதையெல்லாம் விட்டுட்டு பத்து நிமிஷம்னு சொன்னா புதுசா வர்ற பையன் என்ன நெனப்பான், நமக்கு அரை மணி நேரமா ஒண்ணும் வரல, நமக்கு ஞானம் இல்ல போலன்னு மூடி வச்சிட்டுப் போயிடுவான்.

அப்புறம் முக்கியமான விஷயம், மெட்டு மட்டும் பாட்டு இல்ல. கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளைய மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு உங்க கட்டுரை.

எங்கள மாதிரி மேடைக்காரங்களுக்கு நோட்ஸ் யாரும் தர மாட்டாங்க, காதால கேட்டுத்தான் எடுக்கணும். மெட்டு எடுக்குறது ஈஸி. பேஸ் கிட்டார் எடுக்க உக்காந்தா தான் தெரியும் சங்கதி. டேப் ரெக்கார்டர்ல பேஸ் குமிழ முழுசா திருப்பி வச்சுட்டு, ஸ்பீக்கர்ல காத ஒட்டி, நாலு செகண்டு கேக்குறது, ரீவைண்ட், மறுபடி நாலு செகண்டு, இப்படியே போய் கேசட்டே இழுக்க ஆரம்பிச்சிடும். ராஜா பாட்டுல பேஸ் சும்மா கார்டோட ரூட் நோட்டை, அதாவது அடிச் சுரத்தைத் தட்டிக்கிட்டு நிக்கிறதில்ல, பாடுறவர் மேல ஏறுறப்ப அது கீழ எறங்குது, அவர் ஒரு சுரத்துல நின்னா இது நடக்க ஆரம்பிக்குது, தனியா வாசிச்சுப் பாத்தா அதுவே ஒரு மெட்டா இருக்கு. அதுக்கு மேல வயலின் செக்ஷன் வேற லைன்ல போவும், பாடகர் மூச்சு எடுக்குற கேப்புல புல்லாங்குழல் நுழைஞ்சு வெளிய வந்துரும், பாட்டுக்கு நடுவுல வர்ற வாத்திய இசை, அதான் இன்டர்லூட், முதலாவது ஒரு ஊருக்குப் போவும் ரெண்டாவது வேற எங்கயோ போவும், ஆனா ரெண்டுமே சரணம் ஆரம்பிக்கிற சுரத்துல கரெக்டா கொண்டுவந்து விட்டுட்டு ஒதுங்கிக்கும். இதெல்லாம் அவர் வாத்தியத்தைத் தொடாமலேயே பேப்பர்ல அஞ்சு கோடு போட்ட வெஸ்டர்ன் ஸ்டாஃப் நொட்டேஷன்ல எழுதிக் குடுக்குறது, அவங்கவங்க பார்ட்ட காப்பி எடுத்துக்கிட்டு ஹால்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிச்சு ரெக்கார்ட் பண்ண காலம் அது, ஒருத்தர் தப்பா வாசிச்சா எல்லாருக்கும் இன்னொரு டேக். சசிதரன் பேஸ், விஜி மானுவேல் கீபோர்டு, புருஷோத்தமன் டிரம்ஸ், நெப்போலியன் புல்லாங்குழல், இந்தப் பேரெல்லாம் எங்க லைன்ல சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும், உங்க கட்டுரையில ஒரு பேராவது வந்துச்சா?

மெட்டு முதல்லயா வரி முதல்லயாங்கிறதையும் கட்டுரை ஒரே வரியில தாண்டிடுச்சு. கே.வி.மகாதேவன் பெரும்பாலும் எழுதி வந்த பாட்டுக்குத்தான் மெட்டுப் போட்டாரு. எம்.எஸ்.வி. ரெண்டு விதமும் பண்ணுவாரு, அவர் தத்தகாரம், அதாவது வார்த்தையில்லாம தன்னன்னான்னு மெட்ட மட்டும், சொல்லச் சொல்ல கண்ணதாசன் வரி சொல்லுவாரு, அத எழுதிக்கிற உதவியாளர் பஞ்சு அருணாசலம், பின்னாடி அன்னக்கிளியில ராஜாவுக்கு வாய்ப்பு வாங்கிக் குடுத்ததும் அதே பஞ்சு அருணாசலம்தான். இப்ப கிட்டத்தட்ட எல்லாமே மெட்டுக்குத்தான் பாட்டு.

இதுல இருக்குற கஷ்டம் உள்ள எறங்கினா தான் புரியும். எங்க ஊர்ப்பக்கம் ஒரு முருகன் கோயிலுக்கு பக்திப் பாட்டு ஒண்ணு நான் போட்டேன், வரி எழுதினவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். அவர் வரியில ‘மலை மேல’ன்னு ஆரம்பிக்குது, என் மெட்டுல முதல் சுரம் ரெண்டு மாத்திரைக்கு மேல நிக்கணும், அங்கதான் மொத்தப் பல்லவியோட கனமே இருக்கு. அப்படி நிறுத்தினா குறில் நெடிலாகி ‘மாலை மேல’ன்னு கேக்கும். ஐயா விட மாட்டேங்குறாரு, “தம்பி, முருகன பூமாலை மேல ஏத்தி உக்கார வைக்கிறீங்களே”ங்குறாரு. சுரத்தக் குறைச்சுப் பாத்தேன், பாட்டு படுத்துருச்சு. கடைசியில அவரே ‘குன்றின் மேல’ன்னு மாத்திக் குடுத்தாரு. ‘கு’ன்னு சட்டுனு சொல்லிட்டு ‘ன்’ல எவ்வளவு நேரம் வேணா நின்னுக்கலாம், அர்த்தமும் கெடாது, கேக்கவும் இன்னும் அழகா இருந்துச்சு. ஒரு சின்ன பக்திப் பாட்டுக்கே இந்தப் பாடுன்னா, ஒரே நாள்ல மூணு பாட்டு ரெக்கார்டிங் ஓடுன கோடம்பாக்கத்துல ஒவ்வொரு வரிக்கும் எத்தன பேச்சுவார்த்தை நடந்திருக்கும்? அதக் கேட்டு எழுதுங்க சார்.

1992ல ரோஜாவோட ரஹ்மான் வந்ததும் வேலை செய்யுற முறையே வேற ஆயிடுச்சு. அவரும் சின்ன வயசுல ராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவர்தான். ஆனா இவர் ஸ்டுடியோவையே வாத்தியம் மாதிரி வச்சுக்கிட்டாரு, பாடகர் ராத்திரியில தனியா வந்து பத்து விதமா பாடிட்டுப் போவாரு, புல்லாங்குழல்காரர் இன்னொரு நாள் வந்து இஷ்டத்துக்கு வாசிப்பாரு, அதுல எது வேணும் எது வேணாம்னு பின்னாடி உக்காந்து பொறுக்குறதுதான் பாதி கம்போசிங். அப்ப அந்தப் பாட்டு எத்தன நிமிஷத்துல பிறந்துச்சுன்னு சொல்லுவீங்க? கேசட் அட்டையில வாசிச்சவங்க பேரைப் போட்டாரு, எங்க ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது. இப்ப லேப்டாப்புல லூப்பை இழுத்துப் போட்டு முடிக்கிறாங்கன்னு ஒரு புலம்பல் கட்டுரையில இருக்கு, அது அரைச்ச மாவு, விடுங்க.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ராஜாவோட ‘வேலியன்ட்’ சிம்ஃபொனிய வாசிச்சப்பவும் இதே கதைதான். ஒரு மாசம் சொச்சத்துல எழுதிட்டாருன்னு எல்லாரும் போட்டாங்க. நாலு பகுதி இருக்கே, ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு எப்படிப் போறாரு, எந்த வாத்தியத்துக்கு என்ன குடுத்திருக்காரு, ஒருத்தரும் மூச்சு விடல.

சிந்து பைரவி படத்துல ராஜாவோட ‘கலைவாணியே’ கல்யாணி ராகத்துல ஆரோகண சுரங்கள, அதாவது மேல ஏறுற வரிசைய மட்டுமே வச்சுப் போட்டது, எறங்குற வரிசை அவரோகணமே கிடையாது. கீபோர்டுல வாசிச்சுப் பாருங்க, கை தானா கீழ எறங்கப் பாக்கும், எறங்க விடாம மறுபடி கீழ இருந்து ஏறணும், அப்படியிருந்தும் கேக்குறவனுக்கு அந்த முட்டுக்கட்டை எங்கயுமே தெரியாது. ராஜாகிட்டயே போய் ஏன் சார் இப்படி கைய கட்டிக்கிட்டுப் போட்டீங்க, எந்த எடத்துல மாட்டுனீங்க, எத மாத்தினீங்கன்னு கேட்டா ஒரு இதழ் பூரா எழுதுற அளவுக்கு விஷயம் வரும்.

அடுத்து இந்த மாதிரி போட்டா ஒரு தடவயாவது வாசிச்சவங்கள கூப்பிட்டுப் பேசுங்க, வயலின் செக்ஷன்ல உக்காந்தவங்க, நோட்ஸ் காப்பி எடுத்தவங்க, பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி மாதிரிக்கு ட்ராக் பாடினவங்க, நிறைய பேருக்கு வயசாயிடுச்சு. கோடம்பாக்கத்துல அந்த நொட்டேஷன் பேப்பரெல்லாம் யார்கிட்ட இருக்கு, எவ்வளவு பழைய பேப்பர்காரன்கிட்ட போச்சுன்னும் விசாரிச்சு எழுதினீங்கன்னா இன்னும் நல்லது. சந்தா இந்த மாசம் புதுப்பிச்சாச்சு.

இப்படிக்கு,
ஒரு மெல்லிசைக் குழு கீபோர்டுக்காரன்,
திண்டுக்கல்