எட்டு மணிக்கே, எட்டு மணிக்குத்தான்

சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள புலவருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் இன்றைக்குத்தான் எழுத முடிந்தது. இந்த இரண்டு வரியையும் ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

முழங்கால் அறுவை நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் நீ கேட்கமாட்டாய். மருமகளிடம் சொல்லிக் கீழ் அறையிலேயே கட்டில் போடச் சொல். மாடியில் இருக்கிற புத்தக அலமாரி எங்கேயும் ஓடிவிடாது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் பூங்காவில் சீனத் தாத்தாக்களோடு சேர்ந்து கைகால் அசைக்கும் பயிற்சி செய்கிறார். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருந்தோம் அல்லவா, அது முடியாது. தை பிறந்த பிறகுதான் வருவோம்.

சனிக்கிழமை ஆங்கில வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நடந்துகொண்டுதான் இருக்கிறது. சமூக மன்றத்தில் ஒரு சின்ன அறை, வெள்ளைப் பலகை, பதினைந்து நாற்காலி. வருகிறவர்கள் எல்லோரும் சீனாவிலிருந்து வேலைக்கோ பிள்ளைகளுக்காகவோ வந்தவர்கள். ஷான்டோங்கிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். இங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக வந்த அம்மாக்கள் மூன்று பேர். அவர்களை இந்த ஊரில் 'பெய்தூ மாமா' என்பார்கள், கூட இருந்து படிக்கவைக்கும் அம்மா என்று பொருள். சீனத்தில் மாமா என்றால் அம்மா. முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு என் அம்மாவின் தம்பி முகம்தான் கண்ணில் வந்தது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஃபூஜியன் மாநிலத்துப் பெண் ஒருவர் வகுப்புக்கு வருகிறார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. மேற்பார்வையாளர் மலாய்க்காரர், அவருக்குச் சீனம் தெரியாது. ஒரு ஞாயிறு இரவு இந்தப் பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல். கைப்பேசியில் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார்: "ஐ சிக். ஐ ஒர்க் அன்டில் ஃப்ரைடே." அவர் சொல்ல நினைத்தது, உடம்பு சரியில்லை, வெள்ளிக்கிழமைதான் வேலைக்கு வருவேன் என்பது. மேற்பார்வையாளர் படித்ததோ, உடம்பு சரியில்லை, வெள்ளிக்கிழமை வரை வேலை செய்துவிட்டு நின்றுவிடுகிறேன் என்று. திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அந்த மனிதருக்குக் கோபம். வெள்ளிக்கிழமை காலை இவர் போய் நின்றால், துடைப்பக் கட்டையோடு வேறொரு பெண் நிற்கிறார்.

சனிக்கிழமை கைப்பேசியை என்னிடம் நீட்டிக்கொண்டு அழுதார். "இதில் என்ன தப்பு, டீச்சர்? அகராதியைப் பார்த்துத்தான் எழுதினேன்."

உண்மைதான், அகராதி பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆங்கில 'அன்டில்' என்ற சொல்லுக்குச் சீன அகராதியில் 'அதுவரைக்கும்' என்றும் போட்டிருக்கிறது, 'அதற்கு முன்' என்றும் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் ஒரு சூத்திரமும் சொல்லித் தருகிறார்கள்: 'நாட்... அன்டில்' என்று வந்தால் சீனத்தில் 'ட்ஸாய்' போடு. அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடமே செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குப் போகும்போது இந்தச் சூத்திரம் நன்றாக வேலை செய்யும். திரும்பி வரும்போதுதான் வழி தவறுகிறது. ஏனென்றால் இந்த 'ட்ஸாய்' வாக்கியத்தில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. "வோ ஷிங்ச்சிவூ ட்ஸாய் ஷாங்பான்." நான், வெள்ளிக்கிழமை, ட்ஸாய், வேலைக்குப் போகிறேன். அவ்வளவுதான். அதில் இல்லாத 'நாட்' ஆங்கிலத்தில் மட்டும் எப்படி முளைக்கும்? அவர் 'ட்ஸாய்' இருந்த இடத்தில் 'அன்டில்' வைத்தார். பொருள் தலைகீழாகிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் பேசிப் பேசிக் கொஞ்சம் மாண்டரின் வரும். அந்த 'ட்ஸாய்' என்ற சொல்லையே திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு தமிழில் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான் வேலைக்குப் போவேன்.

புலவரே, அது நம்முடைய 'தான்'!

மறுநாள் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஒருவர் வருகிறார், அதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று கேட்டேன். அவர் சொன்னார்: சீக்கிரம் வந்ததாகத் தோன்றினால் "பா தியென் ஜியூ லாய் லெ." தாமதமாக வந்ததாகத் தோன்றினால் "பா தியென் ட்ஸாய் லாய்." கடிகாரத்தில் எட்டு மணி ஒன்றுதான், சொல்கிறவர் மனசுதான் வேறு. இப்போது நம் மொழியில் சொல். எட்டு மணிக்கே வந்துவிட்டார். எட்டு மணிக்குத்தான் வந்தார். 'ஜியூ' நம் ஏகாரம், 'ட்ஸாய்' நம் 'தான்'.

இதோடு நின்றிருந்தாலே எனக்குப் போதும். ஆனால் பாட்டி இன்னொன்றும் சொன்னார். 'ஜியூ' வாக்கியத்தின் கடைசியில் 'லெ' என்று ஓர் ஒட்டு வருகிறது, காரியம் ஆகிவிட்டது என்று காட்ட. 'ட்ஸாய்' வரும் வாக்கியத்தில் பொதுவாக அந்த 'லெ' வராதாம், போட்டால் காதுக்கு இடிக்குமாம். நான் தமிழில் சொல்லிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எட்டு மணிக்கே வந்துவிட்டார்" சரி. "எட்டு மணிக்குத்தான் வந்துவிட்டார்"? யாராவது சொல்வார்களா? நம் 'விட்டார்' கூட 'ஏ' இருக்கும் பக்கம்தான் போய் ஒட்டிக்கொள்கிறது, 'தான்' பக்கம் வர மறுக்கிறது. இந்தக் கடிதத்தின் முதல் இரண்டு வரியைத் திரும்பிப் பார். யோசிக்காமல் எழுதியவை அவை. போன வாரமே வந்துவிட்டது, இன்றைக்குத்தான் எழுத முடிந்தது. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சூத்திரத்தைத் தொடவே இல்லை. பலகையில் ஒரு கோடு போட்டேன், திங்களிலிருந்து வெள்ளி வரை. வெள்ளியில் ஒரு புள்ளி வைத்தேன். சீனக்காரரும் தமிழரும் இந்தப் புள்ளியைப் பார்த்துப் பேசுகிறோம்: அன்றைக்குத்தான் நடந்தது. ஆங்கிலக்காரர் புள்ளிக்கு முன்னால் கிடக்கும் கோட்டைப் பார்த்துப் பேசுகிறார். அன்டில் என்றால் இந்தக் கோடு முழுக்க என்ன நிரம்பியிருந்தது என்று சொல்லியாக வேண்டும். திங்கள் முதல் என்ன செய்தாய்? வேலை செய்யவில்லை. அப்படியானால் அதைச் சொல்: "ஐ வோன்ட் ஒர்க் அன்டில் ஃப்ரைடே." இல்லாத 'நாட்' எங்கிருந்து வந்தது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. கோட்டை நிரப்பியிருந்த காத்திருப்பிலிருந்து வந்தது.

பேருந்து ஓட்டுநர் உடனே எழுந்து, "அப்படியானால் 'ஐ ஸ்லெப்ட் அன்டில் ட்வெல்வ்' என்றால் பன்னிரண்டு வரைக்கும் குறட்டை விட்டேன், 'ஐ டிடின்ட் ஸ்லீப் அன்டில் ட்வெல்வ்' என்றால் பன்னிரண்டுக்குத்தான் கண்ணை மூடினேன்" என்று இரண்டு கோடு போட்டுக் காட்டினார். தூங்குவது, காத்திருப்பது, தங்குவது எல்லாம் நீளும் செயல்கள், அவற்றுக்கு இரண்டு வாக்கியமும் பொருந்தும். வந்து சேர்வது, கிளம்புவது, தொடங்குவது எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும், கோட்டை நிரப்ப அவற்றால் முடியாது. அதனால்தான் 'அரைவ்' போன்ற சொல் அன்டிலோடு வந்தால் கூடவே ஒரு 'நாட்' வேண்டியிருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, பலகையைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அன்டிலை 'பை' (by) என்ற ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. வெள்ளிக்குள் முடித்துத் தருகிறேன் என்பதற்கு 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிடுகிறார்கள். நமக்கு 'க்குள்' வேறு, 'வரை' வேறு. அது பெரிய சிக்கல் இல்லை, இரண்டு பயிற்சியில் சரியாகிவிடும்.

பெய்தூ அம்மா ஒருவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'அன்ஹேப்பி' என்றால் மகிழ்ச்சி இல்லை, அப்படியானால் 'அன்டில்' என்றால் 'டில்' இல்லையா? எவ்வளவு நியாயமான சந்தேகம்! வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இந்த 'அன்' வேறு. பழைய ஸ்காண்டிநேவிய மொழிப் பக்கமிருந்து வந்த துண்டு, அதற்கே 'வரை' என்றுதான் பொருள். 'டில்' என்பதற்கும் அதே பொருள். ஆக, அன்டில் என்பது 'வரை வரை' என்று இரண்டு முறை சொன்ன மாதிரி. அன்டிலைச் சுருக்கித்தான் டில் வந்தது என்று நாம் படித்தோமே, அதுவும் தப்பு. டில்தான் மூத்தது. தனியாக நிற்கும்போது அதற்குக் கடைசியில் இரண்டு 'எல்', அன்டிலில் ஒன்றுதான்.

அப்புறம் இந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலம். சந்தையில், கோப்பிக் கடையில் 'ஈட் அன்டில் ஃபுல்', 'லாஃப் அன்டில் க்ரை' என்பார்கள். இங்கே அன்டிலுக்கு நேரத்தோடு சம்பந்தமே இல்லை, எந்த அளவுக்கு என்று பொருள். சீனத்தில் 'தாவ்' என்ற ஒரே சொல் 'போய்ச் சேர்', 'வரை', 'அந்த அளவுக்கு' மூன்றையும் தாங்குகிறது, அதன் நிழல் ஆங்கிலத்தில் விழுந்திருக்கிறது. நிறையப் பேர் இதைக் கொச்சை என்று முகம் சுளிக்கிறார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. நாமும் வயிறு முட்டச் சாப்பிடுகிறோம், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறோம், கால் கடுக்க நிற்கிறோம். 'முட்ட', 'வர', 'கடுக்க' என்று ஒற்றை எச்சத்தில் நாம் முடித்துவிடுவதைச் சொல்ல அவர்களுக்கு ஆங்கிலத்தில் அகப்பட்டது அன்டில். வகுப்பில் நான் சொல்வது இவ்வளவுதான்: கோப்பிக் கடையில் தாராளமாகப் பேசுங்கள், முதலாளிக்கு எழுதும்போது மட்டும் இது வேண்டாம்.

அந்த ஃபூஜியன் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். நானே மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர்தான். கோட்டையும் புள்ளியையும் வாயாலேயே விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியா, அந்தப் பெண் வேலையை விட நினைக்கவே இல்லையா என்றார். பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதால் இன்னொரு கட்டடத்தில் வேலை கொடுத்திருக்கிறார். வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய தூரம். ஒரு 'நாட்' விட்டுப்போனதற்கு ஐந்து நாள் சம்பளமும் தினம் ஒரு மணி நேரமும் போயின. நாற்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சூத்திரத்தை மட்டும் கையில் கொடுத்து எத்தனை பேரை அனுப்பியிருப்பேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள் சொல்கிறாரே, இந்த 'எட்டு மணிக்கே' எந்தக் கணக்கில் சேரும்? தேற்றம் என்றால் உறுதி மட்டும்தான் கிடைக்கிறது, 'இவ்வளவு சீக்கிரமாகவா' என்ற வியப்பு வரவில்லை. பிரிநிலை, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, என்றால் கொஞ்சம் பொருந்துகிறது, ஆனாலும் மனசுக்கு நிறையவில்லை. உரைகாரர்கள் யாராவது நேரத்தோடு வரும் ஏகாரத்துக்கு எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுது. புத்தகம் மாடியில் இருக்கிறது என்று நீயே ஏறிவிடாதே, பேரனை அனுப்பி எடுத்துவரச் சொல்.

பக்கத்து வீட்டுப் பாட்டி உன்னைப் பற்றிக் கேட்டார். உனக்காக ஒரு பொட்டலம் சீனச் சிவப்புப் பேரீச்சை (பெயர்தான் பேரீச்சை, உண்மையில் இலந்தை வகை) கொடுத்திருக்கிறார், கால் தேற வெந்நீரில் போட்டுக் குடிக்கவேண்டுமாம். தையில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழி