லிஃப்டைப் பற்றிப் பேசவே கூடாதா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். நீ கேட்டிருந்ததற்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதால், மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஆட்டிசம் உள்ள உன் மகன் எப்போதும் லிஃப்டைப் பற்றியே பேசுவதை மெல்ல மெல்லக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு நண்பர்களே அமையமாட்டார்கள் என்று தெரபிஸ்ட் சொன்னதாகவும், உறவினர்களும் அதையே சொல்வதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

விடுமுறையில் அவன் எங்களுடன் தங்கியிருந்தபோது ஒரு மாலை, தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினான். லிஃப்ட் கூண்டுக்கு எதிராகக் கம்பியின் மறுமுனையில் ஓர் எடை தொங்குகிறது. கூண்டின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காட்டையும் சேர்த்தே அந்த எதிர் எடையை அமைக்கிறார்கள். ஆகவே காலி லிஃப்டை மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதற்குத்தான் மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும் என்றான். எனக்கு இது புதிய செய்தி. "அப்படியானால் பாதி ஆட்கள் ஏறியிருந்தால்?" என்று கேட்டேன். பென்சிலை நிறுத்தி, சற்று யோசித்து, "ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம் அத்தை, உராய்வைத் தாண்டினாப் போதும்" என்றான். உரையாடத் தெரியாத பிள்ளை என்று சொல்லப்படுபவன், என் கேள்வியை வாங்கி, அதற்கேற்ற பதிலைத் தந்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், "போதும்ப்பா, வேற ஏதாவது பேசேன்" என்றார். இன்னொருவர், "பெரிய எஞ்சினியரா வருவான் பாருங்க" என்றார். இருவருமே அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

முதலாமவரைவிட இரண்டாமவரின் பேச்சைப் பற்றியே நான் அதிகம் யோசிக்கிறேன், ஏனெனில் அது பாராட்டின் உருவத்தில் வருகிறது. நாளைக்கு ஒரு வேலையாக மாறும் என்பதற்காக மட்டும் ஓர் ஆர்வத்தை மதித்தால், வேலையாக மாறாத ஆர்வமும் அதையுடைய பிள்ளையும் மதிப்பிழந்துவிடுகிறார்கள். வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் இத்தகைய சிறுவர்களின் தனித்த ஆர்வங்களைப் பாராட்டி எழுதினார். அவர்களைக் குட்டிப் பேராசிரியர்கள் என்று அவர் வருணித்ததாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே மருத்துவர், தேறமாட்டார்கள் என்று கருதிய பிள்ளைகளை, நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்டுவந்த ஆம் ஷ்பீகல்குருண்ட் மருத்துவமனைக்கு அனுப்பப் பரிந்துரைத்ததை 2018-இல் வெளியான ஆவண ஆய்வு காட்டியது. அன்று பாராட்டியவரின் நல்லெண்ணத்தை அதோடு ஒப்பிடவில்லை. பயனை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

தெரபிஸ்டின் பார்வைக்கும் ஒரு பின்னணி உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, தீவிரத்திலோ குவிப்பிலோ இயல்புக்கு மாறான ஆர்வங்களை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அறிகுறி என்றாலே அகற்ற வேண்டியது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். (பெண்பிள்ளைகளுக்கு இது வேறு விதமாக வினையாகிறது: விலங்குகள் மீதோ ஒரு நடிகர் மீதோ அவர்கள் வைக்கும் ஆர்வம் வயதுக்கு வழக்கமானதாகத் தோன்றுவதால், அதன் ஆழத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆட்டிசம் என்பதே பல ஆண்டுகள் தெரியாமல் போய்விடுகிறது.) ஆனால் டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை வேறு விளக்கம் தந்தது. கவனம் எல்லோரிடமும் ஓரளவுக்கே இருக்கிறது. பிறர் அதைப் பல திசைகளில் பகிர்ந்து வைக்கிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது ஒரே நேரத்தில் ஓரிரு பொருள்களில் முழுமையாகப் பாய்கிறது என்பது அவர்கள் கருத்து. லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர் என்பதால் இந்த விளக்கத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். அப்படிப் பாய்ந்திருக்கும் கவனத்தைத் திடீரென்று வெட்டினால் வலிக்கும் என்பதும், அந்த ஆர்வமே அவனுக்கு இளைப்பாறும் இடம் என்பதும் இதிலிருந்து புரிகின்றன.

ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினின் இளமைக்காலத்தில் நடந்ததை நீயும் படித்திருப்பாய். மாடுகளை அசையாமல் பிடித்து நிறுத்தும் கூண்டில் அவை அமைதியடைவதைக் கண்டு, தன் உடலை அழுத்திக்கொள்ள அதைப்போன்ற ஒரு கருவியை அவர் செய்துகொண்டார். பள்ளியில் இருந்த பெரியவர்கள் சிலர் அதைப் பறித்துவிட நினைத்தார்கள். அவருடைய அறிவியல் ஆசிரியரோ, அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். கிராண்டின் பிற்காலத்தில் புகழ்பெற்றிராவிட்டாலும் அந்த ஆசிரியர் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

உறக்கமும் சாப்பாடும் கெடும்போது எல்லை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. உனக்கும் களைப்பு உண்டு; நாள் முழுவதும் எவராலும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கேட்பதுபோல் தலையாட்டுவதைவிட, "இப்போது அம்மாவுக்கு முடியவில்லை, இரவு சாப்பிட்ட பிறகு கேட்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லி, சொன்னபடியே கேட்டால் அவன் அதை நம்பக் கற்றுக்கொள்வான். எழுத்து வேலையை முடித்தால்தான் லிஃப்ட் வீடியோ, அடம்பிடித்தால் ஒரு வாரம் கிடையாது என்ற ஏற்பாட்டை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடு. அவனுக்கு மிகவும் பிடித்ததையே பிணையாக வைத்து வேலை வாங்கினால், பிடித்ததை நம்மிடமிருந்து மறைத்து வைக்கத்தான் அவன் பழகுவான்.

நண்பர்களைப் பற்றிய உன் கவலை நியாயமானது. இருப்பினும், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பிறருக்கும் இடையே புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் ஆய்வாளர் டேமியன் மில்டன் எழுதியதை அந்தத் தெரபிஸ்டிடம் எடுத்துச் சொல். லிஃப்டோ ரயிலோ இயந்திரமோ பிடித்த இன்னொரு பிள்ளை அவருக்குத் தெரிந்த குடும்பங்களில் இருக்கக்கூடும். இருவரையும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார வைக்க முடியுமா என்று கேள். அவர் தயங்கினால் அடுத்த சந்திப்புக்கு நானும் உன்னுடன் வருகிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் தோழி