திருவாதிரை கீழே தெரிகிறது

மெல்பர்ன்,
மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். உன் நலமும் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல்.

உன் கடிதத்தின் கடைசி வரியை நான்கைந்து முறை படித்துவிட்டேன். "67 வயதாகிறது, இனிமேல் புதிதாக எதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன் அக்கா" என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடங்களுக்கு முன் விமானம் ஏறியபோது என் மனதிலும் இதே கேள்விதான் இருந்தது. உன் அத்தான் போய்விட்டார். மகள் வீட்டில் ஒரு மூலையில் யாருக்கும் பாரமில்லாமல் இருந்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் கிளம்பினேன்.

முதல் ஆறு மாதங்கள் அப்படியே கழிந்தன. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் புன்னகை செய்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

என்னை அசைத்தது ஒரு செடி. மகள் வாங்கி வந்த தொட்டிச் செடியை, வெயில் நன்றாகப் படட்டும் என்று தெற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். மூன்று வாரத்தில் துவண்டுவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பேரன் ஒருநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்கு ஜன்னலில் வைத்தான். "பாட்டி, இங்கே சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் போகும்" என்றான். நண்பகலில் வாசலில் நின்று பார்த்தேன். என் நிழல் தெற்கே விழுந்திருந்தது. சித்திரையானாலும் தையானாலும் இங்கே அது தெற்கேதான் விழும். இந்த ஊர் மகர ரேகையையும் தாண்டித் தெற்கே, ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு வருவதில்லை. பேரன் ஒரு பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்து விளக்கினான். நான் பள்ளியில் படித்ததுதான், ஆனால் பரீட்சைக்காகப் படித்தது. 70 வருடங்களாக உடம்புக்குத் தெரிந்திருந்த திசை இங்கே செல்லவில்லை என்று உணர்ந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. சிறு வயதில் திருவிழாவுக்கு முந்தைய இரவில் வருமே ஒரு பரபரப்பு, அது வந்தது. சூரியனே இடம் மாறியிருக்கிறது என்றால் நிலா எப்படி இருக்கும், நட்சத்திரங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. பேரனிடம் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. ஒரு பெரியவரிடம் என்றால் கேட்டிருக்க மாட்டேன். நம்மை முடக்குவது மறதி என்று நினைக்கிறோம், அப்படி இல்லை தங்கச்சி. இந்த வயதில் போய் இதுகூடத் தெரியாதா என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் முடக்குகிறது. மகள் வீட்டிலேயே எத்தனை நாள் அந்தக் கூச்சத்தில் வாய் மூடி இருந்திருக்கிறேன்!

அடுத்த வாரம் நூலகத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று இங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. படிக்கும் பருவம் ஒன்று, உழைத்துக் குடும்பம் நடத்தும் பருவம் ஒன்று, அதற்குப் பிறகு வருவது மூன்றாவது. 1973-இல் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில், பேராசிரியர்கள் முதியவர்களுக்குப் பாடம் நடத்துவதாக இது தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனபோது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும், ஆசிரியரும் மாணவரும் நாமே என்று மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக இதே மெல்பர்னில்தான் 1984-இல் ஆரம்பித்தார்கள். தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஓய்வு பெற்ற செவிலியர் வரலாறு சொல்கிறார், தச்சர் ஒருவர் பறவைகளைப் பற்றிச் சொல்கிறார். நான் வானியல் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் இரண்டு மாதம் வகுப்பில் பாதி எனக்கு விளங்கவில்லை. மொழிதான் காரணம் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்காரும் அம்மையார்தான் "உங்கள் காதைப் பரிசோதித்துப் பாருங்கள்" என்று மெதுவாகச் சொன்னார். 34 வருடங்கள் தொலைபேசி இணைப்பகத்தில் காதில் ஹெட்போனுடன் இருந்தவள் நான், என் காதைக் குறை சொன்னதும் கோபம்கூட வந்தது. பரிசோதனையில் இரண்டு காதும் மந்தம் என்று தெரிந்தது. கருவி பொருத்திக்கொண்டு வெளியே வந்தபோது என் செருப்புச் சத்தமே எனக்குப் புதிதாகக் கேட்டது. கருவி பழக ஒரு மாதம் ஆனது, முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நீயும் தொலைபேசியில் "என்ன, என்ன" என்று கேட்கிறாய். தயவுசெய்து தள்ளிப்போடாதே. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, நாம் சரிசெய்துகொள்ளக்கூடிய 14 காரணங்களை 2024-இல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும், பார்வை மங்குவதும், ஆளில்லாமல் தனித்துப்போவதும் அதில் இருக்கின்றன. காது கேட்காதவர் பேச்சைக் குறைப்பார், பேச்சு குறைந்தால் ஆட்களும் குறைவார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

ஆனால் நோய்க்குப் பயந்து படிப்பதில் எனக்கு விருப்பமில்லை. "மூளைக்கு வேலை கொடுங்கள்" என்று மாத்திரை கொடுப்பதுபோலச் சொல்கிறார்கள். மருந்தாக விழுங்கினால் படிப்பும் கசக்கும். எனக்கு வானம் பிடித்திருக்கிறது, அதனால் படிக்கிறேன்.

ஞாபகம் பற்றி நீ கவலைப்படுவது புரிகிறது. பெயர்கள் எனக்கும் நுனி நாக்கில் வந்து நின்றுவிடுகின்றன. வகுப்பில் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்காமல், நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை. விட்டுப்போனது எது என்று அப்போதுதான் தெரியும். புதுச் செய்தியைப் பழைய செய்தியோடு முடிச்சுப் போடுவதில் நம் வயதுக்காரர்கள் சிறியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள், முடிச்சுப் போட நம்மிடம் அத்தனை நூல் இருக்கிறது. நடப்பதையும் விடாதே. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரத்துக்கு மூன்று நாள் 40 நிமிடம் நடந்தவர்களுக்கு, நினைவுக்குப் பொறுப்பான மூளைப் பகுதி ஒரே வருடத்தில் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. முழங்காலைக் கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு நட.

போன வருடக் கடைசியில் என்னையும் பேசச் சொன்னார்கள். சுவிட்ச்போர்டில் கம்பியைச் செருகி இரண்டு மனிதர்களை எப்படி இணைப்போம், ஒரே நேரத்தில் எத்தனை விளக்குகளைக் கவனிப்போம் என்று ஒரு மணி நேரம் சொன்னேன். என் ஆங்கிலம் தடுமாறிய இடங்களில் காத்திருந்தார்கள். முடிந்த பிறகும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுக்கு வந்து அத்தான் படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரிக் கடைசியில் ஓர் இரவு பத்து மணிக்குப் பின்புறத் தோட்டத்தில் நின்றேன். துருவ நட்சத்திரம் இங்கே தெரியாது. அதற்குப் பதில் தெற்கே சிலுவை வடிவில் ஒரு கூட்டம், இந்த வானத்தில் அது மறைவதே இல்லை. அதன் நீளமான தண்டை நான்கரை மடங்கு நீட்டிப் பார்த்தால் வானத்தின் தென்துருவம் இருக்கும் இடம். அந்தச் சிலுவையை ஒட்டி ஒரு கரிய திட்டு உண்டு. இங்குள்ள பழங்குடி மக்கள் அதை ஓர் ஈமு பறவையின் தலையாகப் பார்க்கிறார்கள். இத்தனை வருடம் வெளிச்சப் புள்ளிகளை மட்டுமே பார்த்தேன், அவற்றுக்கு நடுவில் உள்ள இருட்டில் ஓர் உருவம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. வடக்கே திரும்பினேன். நாம் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு எண்ணிய, ஓரியன் என்கிற வேட்டைக்காரன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் அங்கே இருந்தன. ஆனால் எல்லாம் தலைகீழ். அந்த மூன்றுக்கும் ஒரு பக்கம் செந்நிறத் திருவாதிரை கீழே, மறுபக்கம் நீலவெள்ளையாக மின்னும் ரைஜெல் நட்சத்திரம் மேலே.

இந்த மாதம் முழுவதும் மாலை இருட்டியதும் உனக்கு அவை உச்சியில் தெரியும். தெற்கே பார்த்து நின்று, அந்த மூன்றையும் கண்டுபிடி. திருவாதிரை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, அதன் நிறம் உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்து எழுது. பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போ, தனியாகப் படியேறாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா