நிலவுப் பயணம்: எந்தச் சான்று எதை நிறுவுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதன் நிலவில் காலடி வைத்தது உண்மைதானா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வெளிவரும் வாதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அது நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இரு தரப்பாரும் புகைப்படங்களைச் சுற்றியே வாதிடுவதும், எல்லாவற்றிலும் வலுவான சான்று ஓரமாகக் கிடப்பதும் வருத்தமளிப்பதால் இதை எழுதுகிறேன்.

நிலவில் நாட்டிய கொடி அசைந்ததையும் வானில் விண்மீன்கள் தெரியாததையும் ஐயப்படுவோர் வழக்கமாகச் சுட்டுகிறார்கள். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி செருகப்பட்டிருந்தது. கம்பத்தை ஊன்றும்போது உண்டான ஆட்டத்தைத் தணிக்க அங்கே காற்றில்லை. வெயிலில் ஒளிரும் தரைக்கேற்பக் கேமராவை அமைத்தால் மங்கலான விண்மீன்கள் பதியமாட்டா. இவற்றைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பேசத்தக்க காட்சி வேறொன்று உண்டு. 1972-இல் அமெரிக்காவின் அப்பல்லோ 16 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் சக்கரங்கள் வாரியிறைத்த தூசு, புழுதிப் படலமாக மிதக்காமல், வளைகோடாக எழுந்து உடனே தரையில் விழுவதை அப்படச்சுருளில் காணலாம். பூமியில் அதைப் படமாக்க வேண்டுமென்றால், ஊர்தி ஓடுமளவுக்குப் பெரிய வெற்றிடக் கூடம் கட்டியிருக்க வேண்டும்.

ஆதரித்து எழுதுவோர் அடிக்கடி முன்வைப்பது, பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் எதிரொளிப்பான்களை. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைக்கப்பட்ட அவற்றிலிருந்து இன்றும் ஒளி திரும்பி வருகிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை அவற்றின் துணையால்தான் அளக்கிறார்கள். ஆயினும், மனிதர்கள் சென்றதற்கு இது மட்டுமே சான்றாகிவிடாது. சோவியத் ஒன்றியத்தின் இரண்டு லூனகோட் ஊர்திகளும் ஆளில்லாமலே அத்தகைய எதிரொளிப்பான்களைக் கொண்டு சென்றன. நம் தரப்பு வாதத்தின் ஓட்டையை நாமே ஒப்புக்கொள்வதுதான் முறை; மறைத்தால், அது வெளிப்படும் நாளில் மற்றச் சான்றுகளின் மீதும் நம்பிக்கை குறையும்.

உண்மையான வலிமை பாறைகளில் இருக்கிறது. 1969 முதல் 1972 வரை ஆறு முறை தரையிறங்கிய 12 பேர் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அப்பல்லோ 16 கொண்டுவந்த ஒரு பாறை மட்டுமே 11 கிலோவுக்கு மேல். ஆளில்லாக் கலத்தாலும் மண் எடுத்துவர முடியும் என்பதை 1970-இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 16 காட்டியது உண்மையே. ஆனால் அது கொண்டுவந்தது 101 கிராம். 1976 வரை மூன்று சோவியத் கலங்களும் சேர்ந்து கொணர்ந்தது ஏறக்குறைய 300 கிராம்தான். அதற்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2020-இல் சீனாவின் சாங்இ 5 எடுத்துவந்ததும் 1.7 கிலோவே.

அப்பல்லோ பாறைகள் அண்டார்க்டிகாவில் பொறுக்கிய விண்கற்களாக இருக்கலாம் என்று ஐயப்படுவோர் சொல்வார்கள். அப்பல்லோவின் ராக்கெட்டை உருவாக்கியதில் முதன்மையானவரான வெர்னர் வான் பிரவுன் 1967-இல் அங்கே சென்றதையும் எடுத்துக்காட்டுவார்கள். இது ஆராயத்தக்க கேள்விதான், அதற்கு விடையும் இருக்கிறது. நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலாக இனங்காணப்பட்ட விண்கல் 1982-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அப்பல்லோ பாறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே அதன் பிறப்பிடத்தை அறிந்தார்கள். மேலும், வளிமண்டலத்தைக் கிழித்து வரும் கல்லின் புறப்பரப்பு உருகிவிடும். அப்பல்லோ பாறைகளின் மேற்பரப்பிலோ, காற்றில்லாத இடத்தில் மட்டுமே ஏற்படக்கூடிய, மிக நுண்ணிய விண்துகள்கள் மோதி உண்டான குழிகள் சிதையாமல் இருக்கின்றன. பல நாட்டு ஆய்வகங்கள் இப்பாறைகளைப் பகுத்துப் பார்த்துவிட்டன. 1971-இல் தம் மண்ணைக் கொடுத்து அப்பல்லோ மண்ணைப் பெற்றுக்கொண்ட சோவியத் அறிவியலாளர்களுக்கு, பொய்யைக் கண்டால் மறைக்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

தரையிறங்கிய இடங்களை நிலவைச் சுற்றிவரும் அமெரிக்காவின் எல்ஆர்ஓ விண்கலமும், பின்னர் இந்தியாவின் சந்திரயான்-2-உம் படமெடுத்துள்ளன. எல்ஆர்ஓ படங்களில் வீரர்கள் நடந்த தடங்களே தெரிகின்றன.

ஐயப்படுவோரின் ஒரு குறையை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். அப்பல்லோ 11 அனுப்பிய ஒளிபரப்பைப் பதிவுசெய்த மூலத் தரவு நாடாக்கள் அழிக்கப்பட்டு, மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009-இல் அறிவித்தது. மனித வரலாற்றின் இத்தகைய ஆவணத்தைக் காக்கத் தவறியது பெரும் பொறுப்பின்மை; அதைக் கேட்டு ஒருவர் சினம் கொண்டால் அதில் நியாயமுண்டு. ஆனால் தொலைந்த நாடா, ஆய்வகத்தில் இருக்கும் பாறையைப் பொய்யாக்கிவிடாது.

எனவே, பயணமே நடக்கவில்லை என்று இனி எழுதுவோர், கொடியையும் விண்மீன்களையும் விட்டு, அந்த 382 கிலோ எங்கிருந்து, எந்த வழியில் வந்தது என்பதற்கு விளக்கம் தருமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்