விதைப் பைக்கற்றுகள் ஐப்பசிக்கு முன்னர் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வருடம் கார்த்திகை மாதத்தின் நடுப்பகுதியில் எமது பகுதியில் வீட்டுத்தோட்டத்துக்கென விதைப் பைக்கற்றுகள் வழங்கப்பட்டன. மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டி, பயற்றை என ஐந்து வகையும் நல்ல விதைகளே. ஆனால் அன்று விடியற்காலையிலிருந்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் கையொப்பமிட்டார்கள். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதே முறை என்றாலும், உப்புவெளிக் கரையோரத்தில் நெடுங்காலமாக வளவுத்தோட்டம் செய்துவரும் அனுபவத்தில், இந்த வழங்கல் ஆறு கிழமைகளாவது முந்தி நடந்திருக்கவேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்து முடிகிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி தமிழகத்து உழவருக்குப் பொருந்தலாம். இங்கு ஆடியில் கச்சான் காற்று வளவைச் சுட்டுக்கொண்டிருக்கும். எமக்குரிய பட்டம் புரட்டாசிக் கடைசி. அப்போது ஊன்றிய வெண்டியும் பயற்றையும் சோளமும் அடைமழை பிடிப்பதற்குள் வேரூன்றி, முழங்கால் உயரத்தைத் தாண்டி நின்றுவிடும். இந்த வேறுபாட்டைக் கவனியாத தவறு புதிதன்று. 2022 இல் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கத் தீர்மானித்ததும் ஜூன் மாதத்திலேதான். கொழும்பில் அது மழைக்காலம்; எமக்கோ கிணற்றில் வாளி அடியைத் தட்டும் காலம்.

கார்த்திகையில் நாற்றுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனது மிளகாய்ப் பாத்தியே சாட்சி. எட்டாம் நாள் பச்சைப் பாய் விரித்தாற்போல் முளைத்திருந்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது ஓர் ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தில் நாற்றுகள் சாய்ந்து கிடந்தன; இலைகள் பச்சையாகவே இருக்க, மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நனைந்த நூல்போலச் சூம்பியிருந்தது. மூன்றே நாளில் பாத்தி முழுவதும் படுத்துவிட்டது. ஈரம் வடியாத மண்ணில் பெருகும் பூசணங்களால் வரும் நாற்றழுகல் நோய் இது. விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை நேரே விழாத தாழ்வாரத்தில், மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டில், ஐதாகத் தூவியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

பசளை விடயத்திலும் இதே கவனம் தேவை. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பகுதிகளின் மணலில் அடைமழைக்குள் யூரியா போடுவது, காசைக் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றுவதற்குச் சமம். எங்கள் கிணறுகள் ஆழமற்றவை; அந்தத் தண்ணீரையே நாம் குடிக்கவும் செய்கிறோம். தம்பலகாமம் பக்கத்துக் களிமண்ணில் பசளை அவ்வளவு விரைவாக ஓடாது. அங்கே தொல்லை, தண்ணீர் வடியாமல் நிற்பதுதான். பப்பாசியின் அடியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மரமே போய்விடும். ஆகவே இந்த மாதங்களில் மண்வெட்டிக்கு முதல் வேலை வாய்க்கால் வெட்டுவதும் பாத்தியை ஒரு முழமாவது உயர்த்துவதுமே.

அதற்காகக் கார்த்திகையில் கைகட்டி இருக்கவேண்டும் என்பதன்று. மரக்கன்று நடுவதற்கு இதைவிட நல்ல காலம் எமக்கு வாய்க்காது. அயலிலுள்ள வட மாகாணத்தில் இம்மாதத்தை மரநடுகை மாதமாகக் கொள்வது மிகவும் பொருத்தமானது. மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளைப் பரப்பி வைக்கும் தென்னங்கன்றுக்கு, அந்த மட்டைகள் பிடித்து வைத்திருக்கும் ஈரம் வரும் கோடையில் உதவும். வேலிக்குக் கிளுவை, பூவரசு, கிளிசறியாக் கதியால்களை இப்போது ஊன்றினால் ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றவேண்டியதில்லை. கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றுக்குச் சேற்று நிலமே சுகம்.

காற்றையும் மறக்கலாகாது. 1964 டிசம்பர்ச் சூறாவளியை எமது முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, குலை தள்ளிய எனது வாழைகளில் முட்டுக் கொடுத்திருந்த மூன்று மட்டுமே விடிய நின்றன. முருங்கையின் நீண்ட கிளைகளை ஐப்பசிக்குள் தறித்துவிடுவது நல்லது. வளவில் கிடக்கும் சிரட்டை, உடைந்த பூச்சாடி, பழைய டயர் ஆகியவற்றை அகற்றுவதும் தோட்ட வேலையே. மாரியோடு டெங்கும் வரும்.

இவ்வருடமும் ஐப்பசி பிறந்துவிட்டது. பைக்கற்றுகளைப் பற்றிய பேச்சையே காணவில்லை. அடுத்த வருடமாவது செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் அவற்றை வழங்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இம்முறையும் கார்த்திகையில்தான் கிடைக்குமென்றால், மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளை அவசரப்பட்டு மண்ணில் போடாமல், கரித்துண்டு இட்ட மூடிப் போத்தலில் வைத்திருப்பதே உசிதம். சென்ற வருடம் எனது கத்தரி விதைகளை அப்படித்தான் வைத்திருந்து, மார்கழி நடுவில் தாழ்வாரத்தில் நாற்றுப் போட்டு, தைப்பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமை பிடுங்கி நட்டேன். சித்திரை வருடப்பிறப்புச் சமையலுக்கு அந்தச் செடிகளின் முதற்காய்கள் கிடைத்தன.

இங்ஙனம்,
வளவுத்தோட்ட வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.